மறு: அசிமத்: 'திசைக்கோணம்' வேண்டாம், 'தலைச்சாய்வு' போதும்

வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் டேப் டெக் கையேட்டுக்கான சொற்களில், டேப்பின் வேகம் மெதுவாக ஏறி இறங்கும் வாவ், படபடவென்று ஏறி இறங்கும் ஃப்ளட்டர் இரண்டுக்கும் முறையே இழுவை, நடுக்கம் என்று போன வாரம் முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. "கேசட் இழுத்து இழுத்துப் பாடுது" என்று சொல்லித்தானே வளர்ந்தோம், அதற்கு மேல் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட், டேப்புக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் அசிமத்தான் இன்னும் இழுபறியில் கிடக்கிறது.

> வானியலில் திசைக்கோணம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் குழப்பம் வராதே?

ஐயா, டெக்குக்குள் திசை எங்கே இருக்கிறது? வடக்கிலிருந்து ஒரு நட்சத்திரம் எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்பது வானியல்காரர் கவலை. ஹெட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இடுக்கு ஒன்று இருக்கிறதே, அது டேப் ஓடும் கோட்டுக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது நம் கவலை. அசிமத் என்ற சொல்லே அரபியில் 'திசைகள்' என்ற பொருளில் பிறந்து வானியல் வழியாக ஒலிப்பதிவுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் கடன் வாங்கியதை நாமும் திரும்ப ஒருமுறை கடன் வாங்க வேண்டுமா?

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். போன மாதம் பரணிலிருந்து அப்பாவின் டெக்கை இறக்கினேன். பெல்ட் இரண்டும் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தன. சுரண்டி எடுத்து, புது பெல்ட் போட்டு, ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட்டில் துடைத்து, கடையில் வாங்கிய பழைய நாகஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டேன். பிரமாதம். அப்புறம் ஆசையாக அப்பா ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 60 நிமிடக் கேசட்டைப் போட்டால், மூடிய பானைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. 'ச' எல்லாம் மழுங்கி, ஜால்ராவே காணோம். டேப் தேய்ந்துபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தேயவில்லை. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் கோத்த சிறிய திருகு ஒன்று இருக்கும். அது முதலில் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். பானையின் மூடியை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. ஜால்ரா வந்தது, பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சரி, இனி எல்லாம் சுகம் என்று நாகஸ்வரத்தை மறுபடி போட்டால், இப்போது அது பானைக்குள் போய்விட்டது!

இந்தக் கடைசி வரிதான் நம் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது அது பேச்சைப் பதிகிற கையடக்கக் கருவிக்கானது. டேப் ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். வீட்டு ரீல் டேப்பின் 19 சென்டிமீட்டர் வேகத்தில் கால்வாசிதான். இந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் 4.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடத்துக்குள் அடங்கிவிடும். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் பத்துப் பதினைந்து அலை. டேப்பில் ஒலி பதியும் பட்டைதான் தடம்; ஸ்டீரியோ தடம் ஒன்றின் அகலம் 0.6 மில்லிமீட்டர். இடுக்கு ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு சாய்ந்தாலே தடத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 1.7 மைக்ரான் முன்பின்னாகிவிடுகின்றன. மோனோ ஹெட் என்றால் தடம் 1.5 மில்லிமீட்டர், வித்தியாசம் 4.4 மைக்ரான், கிட்டத்தட்ட முழு அலை. மேலே மேடு, கீழே பள்ளம் என்று ஒன்றையொன்று தின்று, அந்த ஒலி ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். தாழ்ந்த ஒலிகளுக்கு அலை நீண்டது என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பானைக்குள் பாடுகிற சத்தத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

இடுக்கு டேப்புக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் பதிவு செய்த டெக்கே சாய்ந்திருந்தால், அதே சாய்வில் வைத்துத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்குப் பதிவு செய்து கொடுத்த டெக் எந்தக் கோணத்தில் நின்றதோ, என் டெக்கும் அந்தக் கேசட்டுக்காக அந்தக் கோணத்துக்கு வந்தாக வேண்டும்.

> கொத்தனாரும் ஆசாரியும் செங்கோணம் பார்க்க வைத்திருக்கும் மூலைமட்டம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? 'ஹெட் மூலைமட்டம்' என்று சொல்லிப் பாருங்கள் தம்பி, எவ்வளவு கச்சிதம்!

படித்ததும் துள்ளிவிட்டேன் அண்ணா. உங்கள் பட்டறைச் சொற்களுக்கு நான் எப்போதும் ரசிகன். இரண்டு நாள் அதையே சொல்லித் திரிந்தேன். ஆனால் மேலே சொன்ன கேசட் அதைக் கவிழ்த்துவிட்டது. மூலைமட்டம் என்றாலே 90 பாகை. "இந்தக் கேசட்டுக்கு மூலைமட்டத்தைக் கொஞ்சம் கோணலாக வை" என்று எப்படிச் சொல்வது? ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதே காரணத்தால் 'செங்குத்துமை'யும் போச்சு. இன்னோர் அன்பர் சொன்ன 'தலைத்தூக்கு' தூக்குக்குண்டு பார்ப்பதிலிருந்து வந்த நல்ல யோசனை. ஆனால் கையேட்டில் "தலைத்தூக்கைச் சரிசெய்க" என்று படிப்பவருக்குக் கலவரம் தலைதூக்கிய செய்திதான் ஞாபகம் வரும்.

ஆகவே என் பரிந்துரை: தலைச்சாய்வு. சாய்வு சுழியாகவும் இருக்கலாம், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். சொல் எதையும் தவறு என்று முன்கூட்டியே சொல்லவில்லை. செய்கிற வேலைக்குச் 'சாய்வு திருத்தல்' என்பதைவிடச் 'சாய்வு சேர்த்தல்' என்று வைத்துக்கொள்ளலாம். சுருதி சேர்த்தல் மாதிரி. தம்புராவைப் பாடுகிறவர் குரலுக்குச் சேர்க்கிறோம், இன்னொருவர் வந்தால் மறுபடி சேர்க்கிறோம். ஹெட்டையும் அப்படித்தான் கேசட்டுக்குக் கேசட் சேர்க்க வேண்டியிருக்கிறது. காதால் செய்கிற வேலை என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

> ஹெட் முன்பின்னாகச் சாய்வதற்கு ஜெனித் என்கிறார்களே, அதுவும் சாய்வுதானே?

நல்ல கேள்வி. அதற்குக் 'குனிவு' என்று வைக்கலாம். பக்கவாட்டில் போனால் சாய்வு, முன்னால் போனால் குனிவு, மேலே கீழே போனால் உயரம். தலை என்று ஏற்றுக்கொண்டபின் உடம்பிலிருந்தே மற்ற சொற்கள் வந்துவிடுகின்றன. 'தலைக்குனிவு' என்று மட்டும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், டெக்குக்கு அவமானம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கையேட்டில் வரும் இரண்டு இடங்களை எழுதிப் பார்த்தேன்:

"கேசட்டை ஓடவிட்டு மோனோ பொத்தானை அழுத்துக. உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சாய்வு சேர்க்க. காந்தம் ஏறாத திருப்புளியைப் பயன்படுத்துக."

"1982-ல் வந்த நாகமிச்சி டிராகன் டெக், ஒரு தடத்தின் இரு பாதிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றனவா என்று ஒப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைச்சாய்வைத் தானே சேர்த்துக்கொள்ளும்."

எனக்கு நெருடவில்லை. 'ஹெட்' என்று எழுதும் இடங்களிலெல்லாம் 'தலை' என்று மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஹெட் எல்லோருக்கும் தெரிந்த சொல், அது இருந்துவிட்டுப் போகட்டும். தலைச்சாய்வு கூட்டுச்சொல்லாக வரும்போது மட்டும் தலை போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகளில் டேப் இரண்டு பக்கமும் ஓடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனியாகச் சாய்வு சேர்க்க வேண்டும். போக்குச்சாய்வு, வரவுச்சாய்வு என்று எழுதிப் பார்த்தேன், பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. அண்ணா, பட்டறையில் அந்த இரண்டு திருகுகளையும் நீங்கள் எப்படிச் சொல்லிப் பிரித்தீர்கள்?