மில்காரர்கள் தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது எதற்காக?

நூல்கண்டு:
பழைய நூல், துணி மில் ஊர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க், இங்கிலாந்தின் சால்டேர் இரண்டிலும் மில்லோடு சேர்த்து வரிசை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் முதலாளியே கட்டியிருக்கிறார். நல்ல மனசா, வேறு கணக்கா?

தறிநாடா:
முதல் கணக்கு தண்ணீர். நீராவி எஞ்சின் பரவும் முன்பு ஆற்று நீர்தான் மில்லை ஓட்டியது, தண்ணீர் வேகமாக விழும் இடத்தில் பெரும்பாலும் ஊரே இருக்காது. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்று அருவிகளை ஒட்டி நியூ லானார்க் மில் 1786இல் ஓடத் தொடங்கியது. ஆள் வேண்டுமானால் வீடு கட்டித்தான் ஆக வேண்டும். சால்டேர் கதை வேறு. 1853இல் அங்கே மில் திறந்தபோது நீராவிக் காலம் வந்துவிட்டது. பிராட்ஃபோர்ட் நகரின் புகையும் காலராவும் வேண்டாமென்று அந்த மில் முதலாளி டைட்டஸ் சால்ட் ஊருக்கு வெளியே போனார்.

ஊடைப்பாவு:
சரி, ஆனால் சால்டேரில் மதுக்கடைக்கு இடமே தரவில்லை, மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, சாதாரணத் தொழிலாளிக்குச் சின்னது, அதாவது தெருவைப் பார்த்தாலே மில்லுக்குள் யார் மேலே யார் கீழே என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் லோவெலில் கிராமத்திலிருந்து வந்த பெண்களைக் கம்பெனி விடுதியில் வைத்து, இரவு 10 மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். 1836இல் அந்த விடுதிக் கட்டணத்தை ஏற்றியதும் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை தருபவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் வேலை போன அன்றே வீடும் போகும், இதைத்தான் நான் கணக்கு என்பேன்.

தறிநாடா:
அந்தப் பிடி இல்லாத இடமும் உண்டு. பிரான்சின் மியூலூஸில் 1853 முதல் ஒரே கூரையின் கீழ் நான்கு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டம் என்று கட்டி, தொழிலாளர்களுக்கே தவணையில் விற்றார்கள். எனக்குப் பிடித்த மாதிரி இதுதான்.

நூல்கண்டு:
அப்போ மும்பையின் சால்களும் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள அடுக்குக் குடியிருப்புகள்) மில்காரர்கள் கட்டியவைதானா?

ஊடைப்பாவு:
சில மட்டும். நிறைய சால்கள் தனியார் வாடகைக்குக் கட்டியவை. பிடிடி (பம்பாய் வளர்ச்சித் துறை) சால்களை 1920களில் அரசே கட்டியது. ஒரே அறை, பொது நடைவழி, பொதுக் கழிப்பறை. ஷிப்ட் மாறி மாறி வந்து ஒரே அறையில் பலர் தூங்கியதால் ஆளுக்குத் தனிப் பாய்கூடத் தேவைப்படவில்லை.