பிக்கப் வண்டிக்கு எந்தத் தார்ப்பாய் வாங்கலாம்?

கேள்வி: பாடி 9 அடிக்கு 5.5 அடி. சிமென்ட், வெங்காயம் இரண்டும் ஏற்றுவோம். மூட்டை பக்கப் பலகைக்கு மேல் 2 அடி நிற்கும். என்ன அளவு, என்ன துணி அண்ணே?

பதில்: நாலு பக்கமும் மூட்டை உயரத்துக்கு 2 அடி, பலகைக்குக் கீழே இறங்க 1 அடி சேருங்க. 15க்கு 12 அடி எடுத்தால் போதும் தம்பி. சிமென்ட்டுக்கு 500 ஜிஎஸ்எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறையாத பிவிசி (பிளாஸ்டிக் பூசிய) துணி. மெல்லிய நீலப் பாய் வேண்டவே வேண்டாம், வெயிலில் நூல்நூலாகப் பிரிந்துவிடும்.

பதில்: வெங்காயத்துக்கு பிவிசி ஆகாது. காற்றில்லாமல் வேர்த்து மேல்மூட்டை அழுகும். கான்வாஸ் தனியாக வாங்குங்க. மழை இல்லாதபோது பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டுங்க.

பதில்: கிழிசல் பெரும்பாலும் கேபினுக்குப் பின்னால்தான் தொடங்கும். காற்று உள்ளே புகுந்து படபடவென அடிக்கும். அதனால் முன்ஓரத்தை முதலில் இறுக்குங்க. பலகை மூலைகளில் பழைய டியூப் துண்டு வையுங்க. நடுவரிசையில் ஒரு மூட்டை உயர்த்தி அடுக்கினால் தண்ணீர் தேங்காது.