ஆரஞ்சு மரத்துக்கு கிரீனிங் நோய்: வேரில் இருந்த நல்ல பாக்டீரியாக்கள் எங்கே போயின?

கேள்வி (ஆர்லாண்டோ வீட்டுத் தோட்டம், ஃபுளோரிடா)

கொல்லையில் உள்ள ஆரஞ்சு மரத்துக்கு சிட்ரஸ் கிரீனிங் என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இலைகளில் நடுநரம்பின் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாத மஞ்சள் திட்டுகள். பழம் கோணலாக வளர்கிறது. அடிப்பக்கம் பச்சை மாறவில்லை. இலையைத் தாக்கும் கிருமி என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால், தோண்டிப் பார்த்தால் சல்லி வேர்கள் கருகிக் கிடக்கின்றன. ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்று நாற்றுக் கடையில் ஒரு புட்டி தருகிறார்கள். மரத்தில் ஏற்கெனவே இருந்தவை என்ன ஆயின? புட்டியில் இருப்பவை அந்த இடத்தைப் பிடிக்குமா?

மறுமொழி (தாவர நோயியல் ஆய்வகம், லேக் ஆல்ஃபிரட்)

வேரைத் தோண்டிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான இடம். சைலிட் என்னும் சிறு பூச்சி தளிரில் சாறு உறிஞ்சும்போது, இந்த நோயை உண்டாக்கும் லிபரிபாக்டர் என்ற பாக்டீரியாவைப் புளோயத்துக்குள், அதாவது சர்க்கரையைக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குள், விடுகிறது. அது வேர்வரை இறங்கிவிடும். இலையில் அறிகுறி தெரிவதற்கு முன்பே சல்லி வேர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்த மரங்கள் இங்கே பதிவாகியுள்ளன. பிறகு புளோயக் குழாய்களில் காலோஸ் என்னும் பசைபோன்ற மாவுப்பொருள் படிந்து அடைப்பு உண்டாகிறது. இலை தயாரித்த சர்க்கரை கீழே இறங்காமல் இலையிலேயே மாவுச்சத்தாகத் தேங்க, வேர் பட்டினி கிடக்கிறது.

வேருக்குள்ளும் வேரையொட்டியும் வாழும் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சர்க்கரைதான் சோறு. லிபரிபாக்டரை ஆய்வகத் தட்டில் தனியாக வளர்ப்பது இன்னும் பெரும்பாடு என்பதால், வேரில் எவை இருக்கின்றன என்று அறிய டிஎன்ஏவைத்தான் நம்புகிறோம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் சிட்ரஸ் வேர்களில் இருந்த பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுக்களை (எந்த வகை பாக்டீரியா என்று அடையாளம் காட்டுபவை) ஒப்பிட்டார்கள். நோயற்ற வேரில் கோலோபாக்டர், சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா, பேசில்லஸ் எனச் செடி வளர்ச்சிக்கு உதவும் இனங்களுக்கு நெருங்கிய வகைகள் மிகுதி. நோயுற்ற வேரில் பெரும்பாலான வகைகள் தென்படவே இல்லை. மெதிலோபாக்டீரியம், ஸ்பிங்கோபாக்டீரியம் போன்றவை பெருகியிருந்தன. ஆக, இடம் காலியாக இல்லை, ஆள் மாறியிருக்கிறது.

புட்டிக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. உணவில்லாத வேரில் யாரைக் குடியமர்த்தினாலும் நிலைக்க மாட்டார்கள்.

மறுமொழி (போக் கவுண்டி விவசாயி)

பல ஏக்கர் சாய்ந்த தோப்பிலும் ஓரிரு மரங்கள் பசுமையாகவே நிற்கின்றன. அவற்றைக் காப்பது அவற்றின் பாக்டீரியாக்களாக இருக்கக் கூடாதா?

மறுமொழி (லேக் ஆல்ஃபிரட்)

இருக்கலாம், ஐயா. எனக்கும் இதில்தான் ஆசை அதிகம். ஆனால், பாக்டீரியாக்கள் இருப்பதால் மரம் நலமாக இருக்கிறதா, மரம் நலமாக இருப்பதால் அவை தங்கியிருக்கின்றனவா என்பதை ஒருமுறை வேரை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதே மரங்களை நோய் தொற்றுவதற்கு முன்பிருந்து ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். 2022 இறுதியிலிருந்து இங்கே தோப்புகளில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை அடிமரத்தில் ஊசியாகச் செலுத்துகிறார்கள். அது பல வகை பாக்டீரியாக்களைத் தாக்கும் மருந்து; லிபரிபாக்டரை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லாது. ஊசி போட்ட மரங்களின் வேர்களையும் கூடவே கவனிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பக்கத்திலேயே கறிவேப்பிலைச் செடியும் இருக்கிறது. அதை என்ன செய்வது?

மறுமொழி (லேக் ஆல்ஃபிரட்)

சைலிட் அதன் தளிரிலும் முட்டையிடும். தளிர்களைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு இழைகளோடு மஞ்சள் குஞ்சுகள் தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டி, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கன்றையோ கொத்தையோ வெளியூர் நண்பர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். இங்கே அதற்குத் தனிமைப்படுத்தல் விதிகளும் உண்டு.