மேல்மலைக்கு பழைய பிக்கப்: கேம்பரா, வி-கிராஸா, சாதா பொலேரோவா?

பூண்டுக்காடு:

கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூர் பக்கம் தோட்டம். தார் ரோட்டை விட்டு இறங்கினா மூணு கிலோமீட்டர் மண் பாதை, நடுவுல ஒரு ஓடை, கடைசி அரை கிலோமீட்டர் செங்குத்தான ஏத்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில களிமண்ணு காலையே நிக்க விடாது. போகும்போது உரமூட்டையும் வேலையாளுங்க நாலு பேரும், வரும்போது பூண்டோ கேரட்டோ 800 கிலோ வரைக்கும். பூண்டு சீசன்ல வடுகபட்டி மண்டி வரைக்கும் இறக்கணும். புது வண்டிக்கு வழியில்லை. மச்சான் இசுசு வி-கிராஸ்தான்னு நிக்கிறாரு, பட்டறையில சாதா பொலேரோ பிக்கப் போதும்ங்கிறாங்க. எதை எடுக்கலாம், எடுக்கும்போது எதைப் பாக்கணும்?

டிரான்ஸ்ஃபர் கேஸ்:

நாலு ஆளுன்னு எழுதினப்பவே பாதி முடிவு ஆயிடுச்சு. சாதா பொலேரோ பிக்கப்போட சிங்கிள் கேபின்ல அத்தனை பேர் உக்கார முடியாது. லோடு மேல ஆளை ஏத்திட்டுப் போய் ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். அதனால டபுள் கேபின்தான்.

வி-கிராஸ் நல்ல வண்டி, மறுப்பில்லை. ஓட்ட சுகம், குமிழைத் திருப்பினா 4x4 விழும், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும். ஆனா அது சொந்த உபயோகத்துக்குன்னு வெள்ளை போர்டுல ஓடுற வண்டி. ஆர்.சி.யில லேடன் வெயிட்டுல (லோடோட எடை) அன்லேடன் வெயிட்டைக் (காலி வண்டி எடை) கழிச்சுப் பாருங்க, உங்க 800 கிலோவுக்கு அதுல இடமே இருக்காது. ஓவர்லோடுன்னு பிடிச்சா அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000 தனி. பொலேரோவுலயே டபுள் கேபின் வண்டியான கேம்பர் சுமார் ஒரு டன் இழுக்கும், 2523 சி.சி. டர்போ டீசல், திண்டுக்கல், தேனி பக்கம் எந்தப் பட்டறையிலயும் கை வைப்பாங்க. என் ஓட்டு கேம்பர் 4x4-க்கு.

கேம்பர்ல பின் சக்கரம் மட்டும் இழுக்கிற 4x2-வும் உண்டு, தூரத்துல நின்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஸ்டிக்கரை நம்பாம குனிஞ்சு பாருங்க: முன் அச்சில டிஃபரன்ஷியல் (வளைவுல ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இருக்கணும், இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து அதுக்கு ஒரு ஷாஃப்ட் போகணும். "மைலேஜுக்காகக் கழட்டி வச்சிருக்கோம்"னு சொன்னா வேற வண்டி பாருங்க. பெரும்பாலும் உள்ளே சத்தம் வந்துதான் கழட்டியிருப்பாங்க.

சோதனையை மண் தரையில பண்ணுங்க. 4x4 லோ கியர்ல போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு நகத்தினா 'டக் டக்'னு கேக்கக் கூடாது. கேட்டா முன் வீல் ஜாயின்ட் போச்சு. தார் ரோட்டுல இதைச் செய்யாதீங்க. இந்த வகை 4x4-ல முன் பின் அச்சுக்கு நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரம் கூடுதல் தூரம் உருளும், பிடிப்பான தரையில அந்த வித்தியாசம் வழுக்கிக் கழியாம ஷாஃப்டையும் கியரையும் முறுக்கும். லீவர் இறுகி 4x2-க்குத் திரும்ப வராது. அப்படி ஆனா நேரா பத்தடி ரிவர்ஸ் எடுங்க, இளகிடும்.

ஓடை இருக்கிறதால இன்னொண்ணு. சூடான அச்சு குளிர்ந்த தண்ணியில இறங்கும்போது உள்ளே காத்து சுருங்கி, ஆயில் சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும். அச்சுக்குள்ள காத்து போய்வர்ற ப்ரீதர் துளை அடைச்சிருந்தா கேக்கவே வேண்டாம். முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பால் கலந்த நிறம்னா தண்ணி போயிருக்கு. வாங்கின பிறகு ப்ரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி சேஸிஸுக்கு மேலே தூக்கிக் கட்டிடுங்க.

கூக்கல் காத்து:

அண்ணன் சொன்னதுல எனக்குப் பாதிதான் உடன்பாடு. டபுள் கேபின் சரி. 4x4 அவசியமான்னு யோசிங்க. வழுக்கிறது பெரும்பாலும் காலி வண்டிதான், ஏன்னா ஓடுறது பின் சக்கரம், கனம் முழுக்க முன்னாடி. பின் அச்சுக்கு நேர் மேல 150 கிலோ மணல் மூட்டையைக் கட்டிப் போட்டு, மண்ணைக் கவ்வுற ஆழமான கட்டை டயர் போட்டா 4x2 முக்கால்வாசி நாள் ஏறும். அடைமழை நாள்ல 4x4-ஏ அந்த ஏத்தத்துல சறுக்கும். அன்னிக்கு மூட்டையைக் குதிரையில தார் ரோட்டுக்குக் கொண்டு வர்றதுதான் வழக்கமா எல்லாரும் செய்யிறது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டு எண்ணைப் படிங்க. லோடு இண்டெக்ஸ் 100-ன்னா ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104-ன்னா 900, 108-ன்னா 1000. கார் டயரை மாட்டி விக்கிறவங்களும் இருக்காங்க. நாலு இலக்கத் தேதி 3522-ன்னு இருந்தா 2022-ல 35-வது வாரம் செஞ்சது.

இறக்கத்தில் இரண்டு:

எல்லாரும் ஏறுறதையே பேசுறீங்க. மன்னவனூர்ல இருந்து பெருமாள்மலை, காட் ரோடு, தேவதானப்பட்டி வழியா வடுகபட்டி போக ஏறக்குறைய 1,800 மீட்டர் இறங்கணும், அதுவும் லோடோட. இந்த வண்டிக்கு முதல் செலவு பிரேக்குக்குத்தான்.

பழைய வண்டியில பிரேக் ஆயிலை எப்ப மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால வாங்கின அன்னிக்கே மாத்துங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதுசுல 205 டிகிரியில கொதிக்கும், ஈரம் சேந்தா 140-லயே. டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். கொதிச்சா குழாயில ஆவி. பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும்.

அடுத்தது பலரும் கோட்டை விடுற இடம். லோடு கூட ஏத்தலாம்னு பின்னாடி ஸ்பிரிங் பட்டை சேத்திருப்பாங்க. சில வண்டியில பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்குதுன்னு பாத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை கூடினா வண்டி அமுங்காது, லோடே இல்லைன்னு வால்வு நினைச்சுக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். முழு வேலையும் முன்னாடி விழுந்து டிஸ்க் காயும். பட்டை சேத்த வண்டின்னா அந்தக் கம்பியைத் திரும்ப செட் பண்ணியே ஆகணும், இல்லைன்னா பட்டையை உருவிடுங்க.

கிளட்சுக்கு எளிய சோதனை: சமதளத்துல ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூணாவது கியர்ல போட்டு மெதுவா கிளட்சை விடுங்க. இன்ஜின் உடனே அணையணும். அணையாம சுத்திக்கிட்டே இருந்தா பிளேட் தேஞ்சுது, அதை விலையில கழிங்க. டிக்கியில மரத்துல ரெண்டு முட்டுக்கட்டை எப்பவும் கிடக்கட்டும்.

பூண்டுக்காடு:

நன்றிண்ணே. கேம்பர் 4x4-ன்னு மனசு வந்துடுச்சு. ரெண்டு சந்தேகம்: புகைக் கட்டுப்பாடு கூடின புது பி.எஸ்.6 எடுக்கலாமா, பழசே போதுமா? பூம்பாறை தாண்டினா ராத்திரி காட்டுமாடு நிக்குது, முன்னாடி கம்பி கார்டும் மேல நாலு ஃபோகஸ் லைட்டும் மாட்டலாமா?

டிரான்ஸ்ஃபர் கேஸ்:

லைட்டு வேண்டாம். 2013-லயே கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாச்சு. கூரையில ஃபோகஸ் லைட்டோட ராத்திரி காட்டு ரோட்டுல போனா வேட்டைக்காரன்னுதான் முதல்ல நினைப்பாங்க, செக்போஸ்டுல விடிய விடிய பதில் சொல்லணும். கம்பி கார்டுக்கு 2017 டிசம்பர்லயே தடை. இருக்கிற ஹெட்லைட் கண்ணாடியைத் துடைச்சு, உயரத்தை சரி பண்ணி, 30-ல போங்க. ஒரு மாடு கடந்தா பின்னாடி இன்னொண்ணு வரும்னு நின்னு பாருங்க.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல்ல டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருந்தா, புகைக்கரியை எரிக்க வண்டி சூடேறி 15, 20 நிமிஷம் சீரா ஓடணும். தோட்டத்துக்கும் ஊருக்குமா நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினா அடைச்சுக்கும். நீங்க வாராவாரம் மண்டிக்கு இறங்குறதா இருந்தா பிரச்சினையில்லை, சீசனுக்கு மட்டும்னா பி.எஸ்.4 எடுங்க. ஆனா கடற்கரைப் பக்கம் மீன் லோடு ஓடின வண்டியை மட்டும் தொடாதீங்க. ஐஸ் பெட்டியில வழியிற உப்புத்தண்ணி கேபினுக்குப் பின்னாடி சேஸிஸுக்குள்ள இறங்கி உள்ளேருந்தே அரிக்கும், மேல பெயிண்ட் அடிச்சா தெரியாது. சுத்தியலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும்.

கூக்கல் காத்து:

பேப்பர்ல எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி பாருங்க. எட்டு வருஷத்துக்கு உள்ள வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அதுக்கு மேல வருஷா வருஷம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா சரக்கு பெர்மிட் தேவையில்லை. ஃபைனான்ஸ் முடிஞ்சுதுன்னு வாயால சொன்னா ஏத்துக்காதீங்க, ஆர்.சி.யில கடன் ரத்து ஏறின பிறகு மீதிப் பணத்தைக் குடுங்க.