போவே பேராலயத்துக்கு நடுக்கூடம் ஏன் இல்லை?

கேள்வி: பிரான்சில் போவே பேராலயத்துக்குள் போனேன். கூரை சுமார் 48 மீட்டர் உயரம், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. ஆனால் பலிபீடப் பகுதி, அதற்குக் குறுக்கே போகும் குறுக்குக் கூடம், இவற்றோடு கட்டடம் நின்றுவிடுகிறதே? மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம் எங்கே?

பதில்: 1284இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. திருப்பிக் கட்டும்போது தூண்களுக்கு நடுவே கூடுதல் தூண்கள் நட்டார்கள். அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் நடுக்கூடத்தை விட்டுவிட்டு, சுமார் 150 மீட்டர் உயரக் கோபுரத்தை முதலில் எழுப்பினார்கள். நடுக்கூடம் இருக்கவேண்டிய மேற்குப் பக்கம் தாங்க ஒன்றுமில்லை, 1573இல் கோபுரம் சரிந்தது. நடுக்கூடம் முடிக்கப்படவே இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பதில்: வெளியே உதைவளைவுகளை, அதாவது சுவரை வெளியிலிருந்து தாங்கும் சாய்ந்த வளைவுகளை, பார்த்தீர்களா? கூரையின் பக்கவாட்டு உந்துதலை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் அவ்வளவு கண்ணாடி.

கேட்டவர்: சரி, அந்த நெருக்கமான தூண்களை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன்!