கேள்வித்தாளோடு ஊருக்குள் போனவர்கள் சொல்லுங்கள்

அந்தியூர்க்காரன்:
வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களால் ஊருக்கு என்ன நன்மை வந்தது என்று கணக்கெடுக்கப் போனவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் மூன்று மாதம் அந்த வேலை பார்த்தேன். குழுக் கடனில் கறவை மாடு வாங்கிய வீடுகளுக்குப் போய் முப்பது பக்கம் நிரப்ப வேண்டும். ஒரு வீட்டில் அந்த அக்கா கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டே பதில் சொன்னார். குடும்ப வருமானம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன்.

"கூடிருக்குதுன்னு எழுதுனா அடுத்த லோன் கெடைக்குமுங்களா, கூடலைன்னு எழுதுனா கெடைக்குமுங்களா?"

நான் முழித்தேன். அப்புறம் அவரே, "கூடிருக்குதுங்க, எழுதிக்கோங்க" என்றார். பொய்யும் இல்லை. தினம் எட்டு லிட்டர் சொசைட்டிக்குப் போகிறது. ஆனால் சொசைட்டி அட்டை வீட்டுக்காரர் பேரில், பால் பணம் அவர் கைக்கு. கடன் மட்டும் அக்கா பேரில். தவணையைப் பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டிய கூலியில் கட்டிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் அஞ்சரைக்கு எந்திரிப்பனுங்க, இப்ப நாலு மணிக்கு" என்று வேறு சொன்னார்.

இதற்கெல்லாம் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலில் எழுதி அனுப்பினேன். "கட்டத்துக்கு வெளிய எழுதுனத எண்ட்ரி போட முடியாது தம்பி" என்றார் சூப்பர்வைசர். ஆக, கணக்கில் அது பயனடைந்த வீடு.

கோபியிலிருந்து:
பணம் வீட்டுக்குள் வந்த பிறகு யார் கைக்குப் போகிறது என்று கேட்காததால் பெரிய பெரிய ஆட்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1980இல் உலக வங்கிக் கடனில் நம் மாநிலத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதாமாதம் குழந்தையை எடை போடுவது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு, தாய்க்கு அறிவுரை. நல்ல பேர் வாங்கியது. அதையே மாதிரியாக வைத்து 1995இல் வங்கதேசத்தில் தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. பின்னால் அலசிப் பார்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: அங்கே சந்தைக்குப் போகிறவர் புருஷன், கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன சோறு என்று முடிவு செய்கிறவர் மாமியார். அறிவுரை போனதோ மருமகளுக்கு!

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் ஆத்தா இருந்தவரை முட்டையை யாருக்கு வைப்பது என்று அம்மா வாயே திறந்ததில்லை.

எடப்பாடிப் பக்கம்:
நான் போனது திட்டமே நடக்காத ஊருக்கு. ஒப்பீட்டு ஊர் என்பார்கள். திட்டம் நடந்த ஊரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திட்டத்தால் வந்தது எது, மழையாலும் விலையாலும் தானாக வந்தது எது என்று பிரிக்க முடியும். முறை சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்பது நாம்தானே. "எங்கூருக்கு ஒண்ணுமே குடுக்கலீங்க, அப்புறம் எங்களை எதுக்குக் கேக்கறீங்க?" என்றது ஒரு பாட்டி. என்னத்தைச் சொல்வது? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனால் அந்த ஊரிலும் குழு இருக்கிறது. திட்டம் நடந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு மருமகள், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பத்துப் பேரிடம் வாரம் இருபது ரூபாய் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். இப்போது இரண்டு ஊருக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டது. கணக்குப்படி திட்டத்தால் பெரிய பலன் இல்லை என்று வரும்.

அந்தியூர்க்காரன்:
அப்போ 'திட்டத்தின் குழு உள்ளதா' என்ற கேள்விக்கு எதில் டிக் போட்டீர்கள்?

எடப்பாடிப் பக்கம்:
'இல்லை'யில்தான். அது அந்தப் பெண்ணின் குழுவாச்சே.