ஓடுற கன்டெய்னருக்குள்ள போக முடியல, எக்ஸெக் அடிச்சா பிழை

கேள்வி:
டாக்கர்ல (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில, அதாவது கன்டெய்னர்ல, ஓட்டுற கருவி) ரெண்டு கன்டெய்னர் வச்சிருக்கேன். ஒண்ணு பேர் 'ஆப்', இன்னொண்ணு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பேர் 'டிபி'. கம்போஸ் (பல கன்டெய்னரைச் சேர்த்துக் கிளப்புற கருவி) இல்லாம தனித்தனியா டாக்கர் ரன் போட்டுக் கிளப்பினது. ஆப் லாக்ல ஓயாம "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு". உள்ள போய் பாஷ் ஷெல்லைத் (கட்டளை அடிக்கிற இடம்) திறந்து பார்ப்போம்னு

டாக்கர் எக்ஸெக் -ஐடி ஆப் பாஷ்

அடிச்சா "எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் நாட் ஃபவுண்ட்"ங்குது. டாக்கர் பிஎஸ்ல 'அப்'னுதான் இருக்கு.

பதில் 1:
கன்டெய்னரோட இமேஜ் (அது உருவாகுற மூலப்பொதி) ஆல்பைன்ங்கிற சின்ன லினக்ஸா இருக்கும், அதுல பாஷ் வராது. எஸ்ஹெச்ங்கிற எளிய ஷெல்லைப் போட்டுப் பாருங்க.

கேட்டவர்:
அதுக்கும் அதே பிழை. எல்எஸ் கூட ஓடல.

பதில் 2:
எல்எஸ்ஸே இல்லைன்னா டிஸ்ட்ரோலெஸ் மாதிரி, ஷெல்லும் கட்டளைகளும் இல்லாத இமேஜ். எக்ஸெக் வெளியிலிருந்து எதையும் எடுத்துட்டுப் போகாது நண்பரே, இமேஜுக்குள்ள கிடக்கிற நிரலைத்தான் ஓட்டும். பக்கத்துல பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள் அடங்கின சின்ன இமேஜ்) வச்சு ஒரு துணைக் கன்டெய்னரைக் கிளப்பி, ஆப்போட நெட்வொர்க்கையே அதுக்கும் கொடுங்க:

டாக்கர் ரன் -ஐடி --ஆர்எம் --நெட்வொர்க் கன்டெய்னர்:ஆப் பிஸிபாக்ஸ் எஸ்ஹெச்

நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்க இப்ப ஆப்புக்குள்ளதான் நிக்கிறீங்க. ஆப் எந்த முகவரிக்குப் போகுதோ அதுக்கு டெல்நெட் (இணைப்பு கிடைக்குதான்னு பார்க்கிற கட்டளை) அடிங்க.

கேட்டவர்:
ஆப்ல டேட்டாபேஸ் முகவரி லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432. அதனால டெல்நெட் லோக்கல்ஹோஸ்ட் 5432 அடிச்சேன். இங்கயும் ரெஃப்யூஸ்டு! ஆனா என் மெஷின்ல இருந்து அதே போர்ட்டுக்குப் போகுதே?

பதில் 2:
பிடிபட்டது. கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். ஆப்புக்குள்ள 5432-ல யாரும் காத்திருக்கல. உங்க மெஷின்ல திறக்குதுன்னா -பி போட்டு போர்ட்டை வெளிய விட்டிருப்பீங்க, அது வேற கதை.

ஆப்ல லோக்கல்ஹோஸ்ட்னு இருக்கிற ஹோஸ்ட் பேரை 'டிபி'ன்னு மாத்தணும். அதுமட்டும் போதாது: டாக்கர் தானாவே தர்ற இயல்பு பிரிட்ஜ் நெட்வொர்க்ல கன்டெய்னர் பேர் முகவரியா மாறாது. டாக்கர் நெட்வொர்க் கிரியேட் போட்டுத் தனி நெட்வொர்க் உருவாக்கி, ரெண்டையும் அதுல சேருங்க.

பதில் 3:
குறுக்கே ஒரு வார்த்தை. டிபியை அழிக்க வேண்டாம், டாக்கர் நெட்வொர்க் கனெக்ட் போட்டா ஓடும்போதே சேர்ந்துக்கும். ஆப்பை மட்டும் புது ஹோஸ்ட் பேரோட மறுபடி உருவாக்கணும், ஏன்னா ஹோஸ்ட் பேர் மாதிரி அமைப்புகளை வச்சிருக்கிற சூழல் மாறிகள் கன்டெய்னரை உருவாக்கும்போதே பதிஞ்சுடும், ரீஸ்டார்ட்ல மாறாது.

கேட்டவர்:
அப்படியே செஞ்சேன், இணைஞ்சிடுச்சு. நான் ரீஸ்டார்ட்டையே பத்து தடவை அடிச்சிட்டு இருந்தேன்.

பதில் 1:
ஆல்பைன்னு அடிச்சு விட்டதுக்கு மன்னிக்கணும். இன்னொண்ணு: கன்டெய்னர் நின்னுபோயிருந்தா எக்ஸெக் சுத்தமா வேலைக்காகாது. அப்ப டாக்கர் லாக்ஸும், கோப்புகளை வெளிய எடுக்கிற டாக்கர் சிபியும்தான் கை கொடுக்கும்.